ரத்தம் வந்தும் வலிக்கவில்லையா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 49. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. சுகர் இருப்பது தெரிந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் பார்த்ததில் வெறும் வயிற்றில் 172, மூன்று மாத சராசரி (HbA1c) 9.4. ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை கிட்னியைக் கெடுக்குமாம். மாத்திரை போட்டுவிட்டு வெட்டுக்குப் போனால் கை நடுங்குது, குப்பென்று வேர்க்குது என்றும் சொல்கிறார். சோற்றைக் குறைத்துவிட்டு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சீனிக்குப் பதில் கருப்பட்டிக் காப்பி. ஏதாவது கேட்டால், "எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல" என்பார். போன வாரம் காலில் சிரட்டைச் சில்லு குத்தி, திண்ணையெல்லாம் ரத்தம். நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. இவரை எப்படி மாத்திரை சாப்பிட வைப்பது?
– ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: சகோதரி, மாத்திரையைப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் கால்.

சில்லு குத்தி ரத்தம் சொட்டச் சொட்ட நடந்து வந்த மனிதருக்கு அது தெரியவே இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த வரிதான். காயம் ஆறியதா என்று நீங்கள் எழுதவில்லை. சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, நாற்றம் என்று எது இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பச்சிலை கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று இருக்க வேண்டாம். டி.டி. ஊசி போட்டாரா என்றும் கேளுங்கள். புண் ஆறியிருந்தால்கூட இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டர் அந்தப் பாதங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடியே நின்றால் நரம்புகளும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களும் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் சேதம் அங்கேதான் தொடங்குகிறது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். அவர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள், டாக்டரைத் தேடி வந்துவிடுவார்கள். வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் உணர்வு மட்டும் போய்விடும். குரைக்கிற நாய் செத்துப்போன வீடு மாதிரி அந்தக் கால். யார் உள்ளே வந்தாலும் சத்தம் இருக்காது.

கண்ணிலும் கிட்னியிலும் இதே கதைதான். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கிய பிறகும் பேப்பர் படிக்க முடியும். சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் போக ஆரம்பித்த பிறகும் பால் வெட்டப் போக முடியும். அவர் "ஒரு கொழப்பமும் இல்ல" என்று சொல்வது பொய் இல்லை. உடம்பு அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி மாத்திரை. அவர் வீம்புக்கு நிறுத்தினார் என்று எனக்குத் தோன்றவில்லை. கை நடுக்கம், திடீர் வேர்வை இரண்டும் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகள் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைப்பவை. அதைப் போட்டுவிட்டு உடனே சாப்பிட வேண்டும். உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒரு கட்டன்சாயாவோடு கிளம்பியிருப்பார். பால் எடுத்து முடித்துப் பழங்கஞ்சி குடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். மாத்திரை காலையில் ஆபீஸ் போகிறவரின் நேரத்துக்கு எழுதப்பட்டது. இவருடைய காலை மூன்று மணிக்குத் தொடங்குகிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தாழ்வு அபூர்வம். ஆகவே சீட்டில் எந்த மாத்திரை இருக்கிறது, அவர் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் சீனிப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் ஏதாவது உணவு.

கிட்னி விஷயம் எங்கே இருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். கிட்னி மிகவும் பழுதான பிறகு மெட்ஃபார்மினை டாக்டரே நிறுத்துவார், ஏனென்றால் பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. பார்ப்பவர்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மாத்திரைதான் கெடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். கிட்னியைக் கெடுப்பதில் முன்னால் நிற்பவை கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும். கூடவே, இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கிப் போடுகிற வலி மாத்திரை. பால்வெட்டுக்காரர்கள் வீட்டில் அது இல்லாமல் இருக்காது. சுகர் மாத்திரைக்குப் பயப்படுகிறவர் அதை வாரக்கணக்கில் போடுவார்!

மரச்சீனியைக் குறை சொன்னால் நம்ம ஊரில் யாரும் பொறுக்க மாட்டார்கள். நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880களில், விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரவிய கிழங்கு அது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது நம் தாத்தா பாட்டி வயிற்றைக் காப்பாற்றியது. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் சோற்றைவிட அதில் மாவுச்சத்து அதிகம். சோற்றைக் குறைத்துவிட்டு அதைத் தட்டு நிறைய வைத்தால் சர்க்கரை இறங்காது, ஏறும். ஒரு கைப்பிடி அளவு மரச்சீனி, அதைவிடக் கூடுதலாகச் சாளைக்கறி, ஒரு பங்கு கீரைத் துவரன் என்று வைத்துப் பாருங்கள். கருப்பட்டியும் மார்த்தாண்டம் தேனும் ருசியில் உசத்திதான். ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான்.

9.4 என்ற அந்த எண்ணை ஏமாற்ற முடியாது. சோதனைக்கு முந்தின இரண்டு நாள் வாயைக் கட்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கிவிடும். மூன்று மாத சராசரி இறங்காது. பெரும்பாலானவர்களுக்கு அது 7க்குக் கீழே வர வேண்டும். பிரிட்டனில் 1977இல் தொடங்கி 5,102 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், இந்த எண் 1 புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், கிட்னி போன்ற நுண்குழாய்ச் சேதம் சுமார் 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. இவர் 9.4இல் இருந்து 8.4க்கு வந்தாலே லாபம். போன உணர்வு முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கொழுப்பு, பாத உணர்வு இவற்றைப் பார்க்க வேண்டும். பிரஷரை ஒவ்வொரு முறையும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும், அன்றைக்கு அவர் பைக் ஓட்டக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். கூடுதல் பரிசோதனைக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் போகக் கூடாது, மூடிய ஷூ அல்லது கம்பூட் வேண்டும். போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவச் சொல்லுங்கள், கல்லோ முள்ளோ இருக்கும். மழைக்காலத்தில் விரலிடுக்கைத் துடைத்து உலர வைக்கவும். எண்ணெய் தேய்த்தால் விரலிடுக்கில் வேண்டாம். குளிக்கிற வெந்நீரின் சூட்டை அவர் காலால் பார்க்க வேண்டாம், நீங்கள் முழங்கையால் பாருங்கள். ராத்திரி அவர் படுக்குமுன் இரண்டு உள்ளங்கால்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு அவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். மாத்திரை அட்டையையும், இடுப்பு வலிக்குப் போடுகிற அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கிய கதையை அவர் டாக்டரிடம் சொல்ல மாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.