ராஜா, ராஜன், ராஜாவு: மூலச்சொல் எது?

கேள்வி: "தமிழில் ராஜா, ராஜன் என்று இரண்டு இருக்கிறதே, சமஸ்கிருதத்தில் எது?"

இரண்டுமே உண்டு. சொல்லின் அடிவடிவம் 'ராஜன்'. எழுவாயாக வரும்போது கடைசி மெய் விழுந்து, முன்னுள்ள அகரம் நீண்டு 'ராஜா' ஆகிவிடும். கூப்பிட்டால் 'ஹே ராஜன்'! 'ராஜாவுடைய' என்பதற்கு 'ராஜ்ஞஃ'. இங்கே நடு உயிரே காணாமல் போகிறது. பெண்பால் 'ராஜ்ஞீ', அதுதான் பிராகிருத வழியாக நம் ராணி.

'மகா' முன்னால் சேர்ந்தால் கதை வேறு. சொல் அகர ஈறாக மாறி 'மஹாராஜஃ' என்று 'ராம' என்ற சொல் போலவே வேற்றுமை ஏற்கும். இதற்குச் சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினியே தனிச் சூத்திரம் வைத்திருக்கிறார்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டில் ராஜா, பக்கத்து வீட்டு மலையாளத்தில் ராஜாவு. எழுவாய் வடிவத்தை எடுத்து 'வு' ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தெலுங்கு ராஜுவில் 'உ' வந்தது. தமிழ் ராஜனின் 'ன்' முருகன், கண்ணன் போல நம் ஆண்பால் விகுதி என்றே நினைக்கிறேன்; மூலத்தின் ன் போலத் தெரிவது தற்செயல்.

வேர்? மக்களை மகிழ்விப்பதால் ராஜா என்பது பழைய கவிகளின் அழகான விளக்கம். மொழியியலார் அரசன் என்று பொருள்படும் லத்தீன் 'ரெக்ஸ்' உடன் உறவு சொல்கிறார்கள், அதுதான் உறுதியானது.