மரபணு மாற்றிய கொசு: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட மக்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இருக்கிற கொசுவே போதும் போதும் என்றிருக்கிறது. இன்னும் கொண்டுவந்து விட்டால் லயத்துப் பிள்ளைகளை அல்லவா கடிக்கும், ஐயா?

பதில்: டிங்கி பரப்பும் கொசுவைக் குறைக்க விடுவது ஆண் கொசு அம்மா. அதற்கு இரத்தம் வேண்டாம், பூஞ்சாறு போதும். டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள்: ஆணின் உணர்கொம்பு இறகு மாதிரி புசுபுசுவென்று இருக்கும், பெண்ணுக்கு நாலு முடிதான். கூட்டுப்புழுவில் பெண் பெரிது, ஆண் சிறிது. அந்த அளவை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஒன்றிரண்டு பெண் தப்பி வரத்தான் செய்யும்.

கேள்வி: மரபணுவில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பதில்: ஆக்சிடெக் நிறுவனம் முன்பு பயன்படுத்திய ஓஎக்ஸ்513ஏ என்ற கொசு ரகத்தைச் சொல்கிறேன். அதில் நுழைத்த மரபணு ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்து புழுவைக் கொன்றுவிடும். டெட்ராசைக்ளின் மருந்து இருந்தால் அந்த மரபணு அடங்கிக் கிடக்கும். அதனால் ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பு நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் கலந்தார்கள். வெளியே மருந்து ஏது? வெளியே உள்ள பெண் கொசுவுக்குப் பிறக்கும் குஞ்சுகள் பறக்கும் முன்பே சாகும். நூற்றுக்கு மூன்று நான்கு பிழைக்கலாம். கூடவே ஒரு நிறமரபணுவும் உண்டு. தனி விளக்கொளியில் புழு சிவப்பாக ஒளிரும். முட்டைப் பொறியில் அகப்பட்ட புழு யாருடைய பிள்ளை என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது.

கேள்வி: நம் நாட்டில் விட்டார்களா?

பதில்: விட்டார்கள். 2010 டிசம்பரில், பகாங் பெந்தோங் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத காட்டில், மருத்துவ ஆய்வுக் கழகம் சுமார் 6,000 ஆண் கொசுக்களை விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மரபணு மாற்றாத ஆண் கொசுக்கள் இன்னொரு 6,000. எவ்வளவு தூரம் பறக்கிறது, எத்தனை நாள் உயிரோடிருக்கிறது என்று பார்க்கத்தான் அது. டிங்கியைக் குறைக்கும் சோதனை இல்லை. கடையில் பேசிக்கொள்வதில் பாதி இந்த வித்தியாசம் தெரியாததால் வருவது.

கேள்வி: சிலாங்கூர் சா ஆலாமில் விட்டதும் அதுதானே?

பதில்: இல்லை. அது வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் கொசு. மரபணுவில் கை வைக்கவில்லை. ஆணோடு பெண்ணையும் விடுவார்கள், ஆகவே கடிக்கும். ஆனால் அதன் உடம்பில் டிங்கி வைரஸ் பெருகுவது சிரமம். நம் வெயிலில் டப்பாத் தண்ணீர் சுட்டுப்போகிறதே, அந்தச் சூட்டையும் தாங்குகிற வகையாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிலாங்கூர் சோதனை இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது.

கேள்வி: அப்படியென்றால் நம் ரப்பர் தோட்டத்திலும் விடச் சொல்லலாமே?

பதில்: அங்கேதான் சிக்கல். இந்த இரண்டு முறையும் வீட்டை ஒட்டி வாழும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவுக்காகச் செய்தவை. பால்மரக் காட்டில் பெருகுவது முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்ட ஏடிஸ் அல்போபிக்டஸ். இனம் வேறு, ஆணை விட்டாலும் அதன் சந்ததியை அழிக்காது. அதுவும் டிங்கியைப் பரப்பும். அதன் தொட்டில் பால் பிடிக்கும் கிண்ணமான நம் மங்குதான். பால் வெட்டு நடக்கிற மரத்தில் பயமில்லை. இலை உதிர்காலத்தில் வெட்டை நிறுத்தியபின் நிமிர்ந்தே கிடக்கும் மங்கில் மழைநீர் நிற்கும். ஏழெட்டு நாளில் கொசு பறந்துவிடும். வெட்டு நின்ற அன்றே மங்கைக் கவிழ்த்துவிடுங்கள். செம்பனைக்கு மாறிய தோட்டத்தில் பழைய மங்கு குவியலாகக் கிடந்தால் முதலில் அதை அள்ளுங்கள்.

கேள்வி: ஆண் கொசு விடும் காலத்தில் புகையும் அடித்தால் இரட்டிப்புப் பலன்தானே, அண்ணே?

பதில்: விட்ட ஆண்களும் சேர்ந்து சாகும், காசுக்குக் கேடு. புகை முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும். விடுவதை நிறுத்தினால் கொசு திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளிகளை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத 200 லிட்டர் டிரம்முக்கு 1 விழுக்காடு அபேட் மணல் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) 20 கிராம், துணியில் முடிந்து தொங்கவிடுங்கள்.