மளிகைச் சீட்டை விடுங்கள், அடகுச் சீட்டை எடுங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. எனக்கு வாரம் 4,800, செக்கிங் போகும் மனைவிக்கு 2,700 சம்பளம். லைன் வீட்டு வாடகை 6,500. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். எண்ணெயும் காய்கறியும் விற்கிற விலையில் மாதக் கடைசியில் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். எதைக் குறைப்பது?

பதில்: மளிகை, காய்கறிக்கு வாரம் 1,900 எழுதியிருக்கிறீர்கள். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் இதற்கு மேல் குறைத்தால் பிள்ளைகளின் தட்டில்தான் கை வைக்க வேண்டும். அதைத் தொடாதீர்கள். கணக்கின் அடியில் ‘இதர’ என்று மூன்று வரி இருக்கிறதே, அங்கே பாருங்கள். குழுக் கடன் வாரம் 900, வண்டி டியூ மாதம் 2,800, அடகு வட்டி மாதம் 1,600. நாலு வாரத்துக்கு 8,000 ரூபாய். மளிகையே 7,600தான் வருகிறது.

குழுக் கடனும் வண்டி டியூவும் ஒருநாள் முடியும். அடகு அப்படியில்லை. 80,000 ரூபாய்க்கு இரண்டு பைசா வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பைசா என்று சொல்வதாலேயே சின்னதாகத் தெரிகிறது. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 24 சதவீதம், 19,200 ரூபாய். இரண்டு வருடத்தில் 38,400 கட்டிவிட்டீர்கள், அசல் அப்படியே நிற்கிறது. இதே தொகை வங்கியில் 10 சதவீதத்துக்குக் கிடைத்தால் மாத வட்டி 670 ரூபாய்க்குள் அடங்கும்.

சரி, மீட்கப் பணம்? தங்கம் விலை இந்த இரண்டு வருடத்தில் நன்றாக ஏறிவிட்டதால், அன்று வைத்த நகையில் ஒரு பகுதிக்கே இன்று வங்கியில் 80,000 கிடைக்கக்கூடும். முதலில் வங்கிக்குப் போய் கிராமுக்கு எவ்வளவு தருவார்கள், என்ன வட்டி, நகை மதிப்பீட்டாளர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டு வையுங்கள். பிறகு மச்சானிடமோ அண்ணனிடமோ ஒரே ஒரு நாள் கைமாற்று. காலையில் அடகுக் கடையில் திருப்பி, மதியத்துக்குள் வங்கியில் வைத்து, சாயங்காலம் கைமாற்றைக் கொடுத்துவிடலாம். “இன்னும் அம்பதாயிரம் சேர்த்து வாங்கிக்கிறீங்களா?” என்று வங்கியில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்ச நகை வீட்டுக்கு வரட்டும்.

அசலை அடைக்கவும் உங்களிடம் ஒரு வழி இருக்கிறது, மாதச் சம்பளக்காரர்களுக்கு இல்லாதது. வருடத்தில் நாலைந்து மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். வாடகை, டியூ எல்லாம் மாதத்துக்கு ஒன்றுதான். அந்த ஐந்தாவது வாரச் சம்பளம் 7,500ல் குழுக் கடன், மளிகை, பெட்ரோல் போக மூவாயிரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். இப்போது அது எங்கே போகிறதென்று உங்களுக்கே தெரியாது, கணக்கிலும் அதற்கு வரி இல்லை. காலண்டரில் அந்தச் சனிக்கிழமைகளை இன்றே வட்டம் போடுங்கள். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பணம் நகைக் கடன் அசலுக்கு.

ரேஷன் கார்டு இன்னும் ஊர் முகவரியிலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இ-சேவை மையத்தில் முகவரி மாற்றம் கொடுங்கள். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. பாமாயில் என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள்தான். அப்பளம் பொரிக்கிறபோது யாரும் கேட்பதில்லை.

அப்புறம் கரண்ட். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர். இரண்டு மாதத்தில் 150 யூனிட்டுக்கு 1,350 கட்டியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், மீதிக்கு 150 ரூபாய்கூட வராது. அவர் சம்மதம் இல்லாமல் தனி இணைப்பு வாங்குவது கஷ்டம், ஒண்டியாகக் கேட்டால் “இஷ்டமில்லேன்னா காலி பண்ணிக்கோ” என்பார். லைனில் இருக்கிற மற்ற வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய், இணைப்புச் செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.