இயற்கைக் காப்பகத்துக்குள் பழைய தண்டவாளங்களை ஏன் விட்டுவைக்கிறார்கள்?

"காப்பகம் என்றால் மனிதன் கட்டியதை எல்லாம் அகற்றிவிட வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா இடத்துக்கும் அது சரிவராது. பெர்லினில் உள்ள சூட்கெலண்டே பூங்கா முன்பு டெம்பல்ஹோஃப் ரயில் யார்டு. நகரம் பிளவுபட்டிருந்த காலத்தில், 1952-இல், யார்டு மூடப்பட்டது. அப்புறம் சுமார் 18 ஹெக்டேரில் செடிகளும் மரங்களும் தாமாகவே முளைத்தன.

இங்கே கவனிக்க வேண்டியது தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய ஜல்லி. தண்ணீர் நிற்காமல், வெயிலில் சூடேறிக் கிடக்கும் அந்தப் பரப்பில்தான் வறள்நிலப் புற்களும் காட்டுத் தேனீக்களும் குடியேறின. தண்டவாளப் படுகையே அவற்றின் வீடு. அதைத் தோண்டி எடுத்தால் காப்பாற்ற வந்ததையே அழித்ததாகிவிடும்.

அதனால் தண்டவாளங்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன, நடுவே மரம் முளைத்திருந்தாலும்கூட. உயரமான இரும்புத் தண்ணீர்த் தொட்டியும், இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடையும் நிற்கின்றன. முக்கியமான பகுதியில் வருகிறவர்கள் தரையை மிதிக்காதபடி சற்றே உயர்த்திய இரும்பு நடைபாதை போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

ஆனால் சும்மா விட்டுவிடவும் முடியாது. விட்டால் மரங்கள் புல்வெளியை மூடிவிடும். அதற்கு ஆடுகளை மேய விடுகிறார்கள்.