கைத்தொழில் பொருளுக்குப் பெட்டி: கேள்வி பதில்

சிவகாசியில் அட்டைப்பெட்டி அச்சடிக்கிறேன். வீட்டில் பொருள் செய்து விற்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, 100 கிராம் சோப்புக்கு எத்தனை ஜிஎஸ்எம் அட்டை?

300 போதும். (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம்.) அதைவிட முக்கியம், சோப்பு முழுதாகக் காய்ந்துவிட்டதா என்பது. அடுப்பில்லாமல் செய்யும் சோப்பு 4 முதல் 6 வாரம் காயும். தண்ணீர் வற்ற வற்ற எடையும் அளவும் குறையும். தொழிலுக்கு வந்த புதிதில், வெட்டிய மறுநாளே சோப்பை அளந்து 1000 பெட்டி அடித்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் சோப்பு உள்ளே கடகடவென்று ஆடியது. அத்தனையும் வீண். காய்ந்த சோப்பை அளந்து, வெள்ளை அட்டையில் டம்மி, அதாவது மாதிரிப் பெட்டி, வெட்டி ஒட்டி, உள்ளே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் டை செய்வது அப்புறம்தான். பெட்டியில் அச்சிடும் எடையும் காய்ந்த எடையாகவே இருக்கட்டும். எண்ணெய் அட்டையில் ஊறாமலிருக்க பட்டர் பேப்பர் சுற்றுங்கள்.

50 பெட்டி மட்டும் அடிக்க முடியுமா?

ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு), டை செலவு 50-க்கும் 1000-க்கும் ஒன்றுதான்; 50-க்குக் கட்டுபடியாகாது. அச்சில்லாத பழுப்புக் கிராஃப்ட் பெட்டி வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பனை ஓலைப் பெட்டி இருக்க அட்டை எதற்கு?

மணப்பாடு ஊரின் பனை ஓலைப் பின்னல் எனக்கும் பிடிக்கும். ஆனால் கையால் பின்னுவது ஒவ்வொன்றும் ஓர் அளவாக வரும். கூரியரில் மேலே சுமை ஏறினால் நசுங்கும். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும்.

எங்கள் பாட்டி கருப்பட்டியை ஓலைப் பெட்டியில்தான் வைத்திருந்தார். கெடவே இல்லையே?

பாட்டி அதைக் கூரியரில் அனுப்பவில்லை; அடுப்படிச் சூட்டில் ஓலையும் காய்ந்தே இருந்திருக்கும். சந்தையில் கையோடு விற்பதென்றால் ஓலைதான் அழகு, நீங்கள் சொல்வது சரி. தூரத்துக்கு அனுப்பினால் வெயிலில் காயவைத்த ஓலைப் பெட்டியை 3 பிளை (மூன்றடுக்கு) அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்பி கட்டாயமா?

கட்டாயம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரியும் சேர்த்த விலை, புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். குளியல் சோப்பு அழகுசாதனக் கணக்கில் வருவதால் உரிம எண்ணும் சேரும். மாதத்தையும் விலையையும் அச்சில் போடாமல் இடம் விடுங்கள், ஒவ்வொரு ஈடுக்கும் ஸ்டாம்ப் குத்தலாம்.

கடலை மிட்டாய்க்கு?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி. அச்சு மை தின்பண்டத்தில் படக்கூடாது. செய்தித்தாள் வேண்டவே வேண்டாம்.

திரையில் பார்த்த மஞ்சள் அச்சில் மங்கிவிட்டது.

கோப்பு திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபி-யில் இருந்திருக்கும். அச்சுக்கான சிஎம்ஒய்கே-யில் கொடுங்கள்.

கண்ணாடிக் குப்பி மெழுகுவர்த்திக்கு எத்தனை ஜிஎஸ்எம்?

மறுபடியும் ஜிஎஸ்எம்! முதலில் டம்மி வெட்டுங்கள். குப்பியை உள்ளே வைத்து, 3 பிளை பெட்டியில் போட்டு, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உடையாவிட்டால் எழுதுங்கள், ஜிஎஸ்எம் சொல்கிறேன்.