வாசகர் கேள்வி பதில்: பழைய போனே வகுப்பறைக் கெமரா

கேள்வி: நான் ஒரு கணித ஆசிரியை. மாலை வேளைகளில் துணுக்காய், மாங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஸூம் வழியாகச் சாதாரண தரக் கணிதம் கற்பிக்கிறேன். கொப்பியில் எழுதிக் காட்டும் கணக்கு மடிக்கணினிக் கெமராவில் தெளிவாகத் தெரிவதில்லை. கண்ணாடி வெடித்த பழைய அன்ட்ரொயிட் போன் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கணினிக்குக் கெமராவாக்கலாமா? மற்றைய போனின் ஹொட்ஸ்பொட்டில்தான் வகுப்பு நடக்கிறது. டேட்டா இருமடங்கு செலவாகுமா? (வாசகி, மல்லாவி)

பதில்: தொடுதிரை வேலை செய்தால் தாராளமாக ஆக்கலாம், சிம் அட்டைகூடத் தேவையில்லை. மடிக்கணினிக் கெமரா முகத்தை நோக்கியே பொருத்தப்பட்டது. போனின் பின்பக்கக் கெமராவையோ கொப்பிக்கு நேர் மேலே கொண்டுபோய் வைக்க முடியும் என்பதால், தங்களுடைய தேவைக்கு வெப்கேமைவிட அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

ட்ரொய்ட்கேம் என்ற செயலியைப் போனிலும், அதன் துணை மென்பொருளைக் கணினியிலும் நிறுவுங்கள். இரண்டையும் யூ.எஸ்.பி. கேபிளால் இணைப்பதே நல்லது, ஏனெனில் ஹொட்ஸ்பொட் வழியாக அனுப்பினால் ஸூமின் படமும் கெமராவின் படமும் ஒரே அலைவரிசைக்குப் போட்டியிட்டு, வகுப்பு நடுவில் திக்கித் திணறும். கேபிளால் இணைக்கும்போது போனின் அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 தடவை தட்டி, அதன்பின் தோன்றும் டெவலப்பர் பகுதியில் யூ.எஸ்.பி. டிபகிங்கை (கேபிள் வழியாகக் கணினி போனை அணுக அனுமதிக்கும் வசதியை) இயக்க வேண்டும். அப்படியும் கணினி போனைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும், தரவைக் கடத்தாத கேபிள்கள் கடைகளில் நிறைய உள்ளன. பின்னர் ஸூமில் வீடியோ பொத்தானுக்கு அருகிலுள்ள அம்புக்குறியைத் தொட்டு ட்ரொய்ட்கேமைத் தெரிவுசெய்தால் போதும். அன்ட்ரொயிட் 14 உள்ள சில புதிய போன்களில் இந்தச் செயலியே வேண்டியதில்லை. கேபிளைச் செருகியதும் வரும் அறிவிப்பில் வெப்கேம் என்பதைத் தெரிவுசெய்யலாம்.

டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். போனிலிருந்து மடிக்கணினிக்குப் போகும் படம், கேபிளில் போனாலும் ஹொட்ஸ்பொட்டில் போனாலும், வீட்டுக்குள்ளேயே பயணிப்பதால் இணையப் பொதியில் கழியாது. ஸூம் அனுப்புவதும் பெறுவதும் மட்டுமே கழியும்.

போனைத் தாங்க ஸ்டான்ட் வாங்க வேண்டாம். இரண்டு பக்கமும் புத்தகங்களை ஓரடி உயரத்துக்கு அடுக்கி, அவற்றின் மேல் அகலமான பலகையொன்றைக் குறுக்கே வைத்து, கெமரா மட்டும் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போனைப் படுக்கவையுங்கள். வலது கையால் எழுதுபவராயின் யன்னல் இடது பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. ட்ரொய்ட்கேமின் இலவசப் பதிப்பில் சாதாரணத் தெளிவே கிடைக்கும், ஆகவே தடித்த முனையுள்ள பேனையால், கோடில்லாத தாளில், சற்றுப் பெரிதாக எழுதுங்கள். பின்னங்களின் கீழ்ப்பகுதியும் அடுக்குகளும்தான் முதலில் மங்கும், அவை மங்கினால் பிள்ளை பிழையாகவே பிரதிசெய்துகொள்ளும். தங்கள் திரையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பிள்ளைகளுக்கு நேராகவே தெரியும்.

தகரக் கூரையின் கீழ் கெமராவும் சார்ஜும் சேர்ந்து போனைச் சூடாக்கும். அதன் உறையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றுப் படும்படி வையுங்கள். கைவைக்க முடியாத அளவு சுட்டால் வகுப்பை 5 நிமிடம் நிறுத்துவதே போனுக்கு நல்லது.

கேள்வி: இப்படி இயங்கும் கெமராவை வேறு யாராவது பார்க்க முடியுமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கேபிளில் இணைத்தால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. வைஃபையில் இயக்கும்போதுதான் கவனம் வேண்டும்: செயலி காட்டும் முகவரியை அறிந்தவர், அதே வைஃபையில் இருந்தால், தன் உலாவியிலேயே படத்தைத் திறந்துவிடலாம். எனவே பலர் பயன்படுத்தும் பொது வைஃபையில் இதை இயக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் செயலியை முழுமையாக மூடிவிட்டு, டிபகிங்கையும் நிறுத்திவிடுங்கள்.