மழையில் போனது யார்?

அன்புள்ள ஐயா,

எனக்குப் பிடித்த நாவல்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர் கதைகள் எழுதுகிறேன். நாயகனைக் காபிக் கடை ஊழியனாக மாற்றி எழுதிய தொடரைப் படித்த ஒருவர், 'உழைத்துப் பிழைக்கிற ஆளையே நீ பார்த்ததில்லை' என்று சொல்லிவிட்டார். வசதியாக வளர்ந்தவள் ஏழையைப் பற்றி எழுதக்கூடாதா? ரசிகர் கதை இலக்கியமாகுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாக எழுதுங்கள். இலக்கியமா என்ற பேச்சை விடுங்கள், அது வேலையற்றவர்களின் வேலை.

தொடரைப் படித்தேன். உரையாடல் உங்களுக்கு அழகாக வருகிறது. ஆனால் உங்கள் பையன் நாள் முழுக்க நின்றுகொண்டே காபி போடுகிறான், ஒருநாள்கூடக் கால் வலிக்கவில்லை. வீட்டு வாடகை என்ற ஒன்றே கதையில் இல்லை. காதலி கூப்பிட்டதும் கடையைப் போட்டுவிட்டுப் போகிறான், சம்பளத்தில் யாரும் கைவைக்கவில்லை. ஏழை என்று காட்ட சட்டையை மட்டும் கிழித்துவிட்டிருக்கிறீர்கள். கிழிசலா வறுமை?

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காதலுக்கு முன்னால் வரவு செலவு வந்துவிடுகிறது. நாயகன் டார்சிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன், நாயகி எலிசபெத்தின் அப்பா பென்னட்டுக்கு இரண்டாயிரம். அதை வைத்து ரசிகர் கதை எழுதுகிறவர்களில் பலர் டார்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள், கணக்கைத் தொடுவதில்லை.

அந்த நாவலில் ஓரிடம் உண்டு. நடன விருந்துக்கு முன் விடாமல் மழை. பென்னட் வீட்டுப் பெண்களால் வெளியே போக முடியவில்லை. காலணியில் வைக்கிற ரிப்பன் ரோஜாக்களைக்கூட ஆள் மூலம்தான் வாங்கினார்களாம். அவ்வளவுதான், ஒற்றை வரி. சரி, அந்த ஆள் நனையவில்லையா? அவள் பெயர் என்ன? திரும்பி வந்து ஈரத்துணி மாற்ற அவளுக்கு நேரம் கிடைத்ததா, அடுப்படியில் வேலை காத்திருந்ததா?

2013இல் ஜோ பேக்கர் 'லாங்போர்ன்' என்ற நாவலில் அதே வீட்டை வேலைக்காரர்கள் பக்கமிருந்து எழுதினார். குளிரில் புண்ணான கைகளோடு வேலைக்காரப் பெண் சாரா துணி துவைக்கிறாள். எலிசபெத் சேற்றில் குதூகலமாக நடந்துவிட்டு வந்த பாவாடையும் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. அடுத்தவர் பாத்திரங்களை எடுத்துத்தானே அவரும் எழுதினார்? நீங்கள் செய்வதும் அதுதானே?

உங்கள் ஏழாம் அத்தியாயத்தில் பையன் பாதியில் கடையை விட்டுப் போகிறான். அன்று அவன் வேலையையும் சேர்த்துச் செய்த ஆள் யார்? அடுத்த அத்தியாயம் அவருடையதாக இருக்கட்டும். எழுதியதும் அனுப்புங்கள். அவருக்கும் சட்டையைக் கிழித்துவிடாதீர்கள்.